சாவு வீட்டுக்கு வந்த மெசேஜ்

என் தம்பி போனை எடுத்து ஹலோ சொல்கிற ஆளில்லை. "சொல்லித் தொலையக்கா" என்பான். நானும் "ஏன்டா, சோறு தின்னியா, இல்ல அந்தக் கறிவேப்பலையவே மென்னுட்டுக் கெடக்கறியா?" என்று ஆரம்பிப்பேன். அப்புறம் சண்டைதான். கிணற்று மோட்டார் ரிப்பேர், பங்காளி வீட்டுக் காதுகுத்து, நான் வாங்கிக் கொடுத்த சட்டையை அவன் போடாதது என்று எதை எடுத்தாலும் சண்டை. கடைசியில் யாராவது ஒருவர் போனைப் பட்டென்று வைத்துவிடுவோம். மறுநாள் காலையில் கிரைண்டரைக் கழுவி முடித்ததும் மறுபடி நான் கூப்பிடுவேன். அவன் "சொல்லித் தொலையக்கா" என்பான்.

நான் கோயமுத்தூர் கணபதியில் மாவுக் கடை வைத்திருக்கிறேன். இட்லி மாவு, தோசை மாவு, கேட்டால் அடை மாவும் உண்டு. அவன் காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன நிலத்தில் கறிவேப்பிலை போட்டிருக்கிறான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான். வயது நாற்பதைத் தொடப்போகிறது, கல்யாணம் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், ஆனால் அவரோடு சண்டை போட முடியாது. "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார். நான் வாய்விட்டுச் சண்டை போடுவதற்கென்று இந்த உலகத்தில் எனக்கு இருந்தது தம்பி ஒருத்தன்தான்.

அதனால்தான் அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்து ஆஸ்பத்திரியில் கிடந்தோம், தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் போனைப் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். "ஏக்கா கத்தற, லோடு ஏத்தோணுமில்ல" என்று பதிலுக்குக் கத்துவான் என்று பார்த்தால், நிதானமாக ஒரு குரல் வந்தது.

"அக்கா, நீ ஏமாற்றமா உணர்றது எனக்குப் புரியுது. உன்னோட உணர்வு ரொம்ப நியாயமானது."

போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்த்தேன். அவன் நம்பர்தான்.

"என்றா ஆச்சு உனக்கு? காச்சலா?" என்றேன். "இல்லக்கா. நான் இப்பல்லாம் கோவப்படறதில்ல" என்றான். என் தம்பி கோபப்படாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. இலைப்புள்ளி நோய்க்கு என்ன மருந்து அடிப்பது என்று கேட்கத்தான் அவன் முதலில் பேசினால் பதில் சொல்கிற ஒரு ஏஐ ஆப்பைப் போனில் இறக்கியிருக்கிறான். அது ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் மழை வருமா என்று கேட்டான். அப்புறம் முதுகு வலிக்கு. அப்புறம் தூக்கம் வரவில்லை என்று சொன்னான். அது "ஏன் தூக்கம் வரவில்லை, மனதில் ஏதாவது பாரம் இருக்கிறதா?" என்று கேட்டதாம். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டான்.

எங்கள் ஆட்கள் மீதும் எனக்கு ஆத்திரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் இலை போடுவதற்கு முன்னாலேயே "ஏனுங் தம்பி, இன்னும் ஒன்னும் அமையலீங்களா?" என்று கேட்பார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, 'ங்க' போட்டுத்தான் கேட்பார்கள். ஒருத்தர் கேட்டால் பரவாயில்லை, ஊரே வரிசையில் நின்று கேட்டால் மனுஷன் என்ன செய்வான்? விசேஷத்துக்குப் போவதையே விட்டுவிட்டான். அந்தப் போன் மட்டும் அவனை அதைக் கேட்கவில்லை. அவன் என்ன சொன்னாலும் "அருமையான கேள்வி" என்றது. சும்மா தூங்கிவிட்டுச் சாயங்காலம் எழுந்தால்கூட "உங்கள் உடலின் தேவையை மதித்திருக்கிறீர்கள்" என்றது. கருமம்! காட்டில் தண்ணீர் பாய்ச்சாமல் தூங்கியவனை எங்கள் அம்மாவாக இருந்தால் விளக்குமாற்றால் எழுப்பியிருப்பாள்.

பொழுது சாய்ந்தால் பஸ் ஸ்டாப் பேக்கரியில் கூட்டாளிகளோடு நின்று டீ குடிப்பது அவன் வழக்கம். அதுவும் நின்றது. அந்தக் கூட்டாளிகளில் ஒருத்தன், ஒரு நாள் மாவு வாங்குகிற சாக்கில் என் கடைக்கு வந்தான்.

"அக்கா, அவன நாங்க எதாச்சும் சொல்லிப்போட்டமுங்களா? எங்களப் பாத்தா வண்டிய நிறுத்தாமப் போறானுங்க" என்றான். எனக்கு அழுகை வந்தது, மாவை அள்ளிக் கொடுத்து அனுப்பினேன். தம்பியைக் கேட்டதற்கு, "அவங்கெல்லாம் எதிர்மறையான ஆளுகக்கா. கிண்டல் பண்ணிட்டே இருக்கறாங்க. என்ற நிம்மதிய நான்தான பாத்துக்கோணும்" என்றான். கிண்டல் செய்யாமல் பின்னே கூட்டாளி எதற்கு? அந்த ஆட்கள்தான் எங்கள் அம்மா செத்த அன்றைக்குக் கொட்டுகிற மழையில் பந்தல் போட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஜாதகம் பொருந்தி வந்தது. பெண்ணுக்கு வயது முப்பத்திநாலு, ஒரு நூல் மில்லில் கணக்குப் பார்க்கிறாள். சின்ன வயதிலேயே அப்பா இல்லை, பெரியப்பாதான் வளர்த்துப் படிக்க வைத்தார். தம்பியை இழுத்துக்கொண்டு பெண் பார்க்கப் போனேன். காபி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்று அவள் நேராக அவனைக் கேட்டாள்.

"கறிவேப்பலைக்கு மருந்து எச்சா அடிக்கறாங்கன்னு பேசிக்கறாங்களே. நீங்களும் அடிப்பீங்களா?"

சபை கப்சிப் என்று ஆகிவிட்டது. அவளுடைய பெரியப்பா மட்டும் மீசைக்குள் சிரித்தார். என் தம்பிக்கு முகம் சிவந்துபோனது. "முன்ன அடிச்சனுங்க. இப்பக் கொறச்சுட்டனுங்க. சுத்தமா நிறுத்தறதுக்கு இன்னும் தைரியம் வரலீங்க" என்று திக்கித் திணறிச் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது! எனக்கு அங்கேயே எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது.

மறு வாரமே ஒப்பணக்கார வீதிக்குப் போய் இணைச்சீருக்குப் பட்டுச்சேலை எடுத்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள்தான் இணைச்சீர் செய்ய வேண்டும். மடித்த சேலையின் ஒரு முனையை அவன் பிடித்திருப்பான், மறுமுனையை அவள் பிடித்திருப்பாள். பொண்டாட்டி வந்த பிறகு அக்காளை மறந்துவிடாதே என்று சபையில் வைத்துச் சொல்வதற்காகத்தான் அந்தச் சீர் என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு சபையில் நிற்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

அதன் பிறகு தம்பியும் அந்தப் பெண்ணும் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். உப்புச் சக்கரை மாற்றுவதற்கு நாளும் குறித்தாகிவிட்டது. இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் எங்களுக்குப் பேச்சு உறுதி. அதற்குள் ஒரு நாள் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒன்னு கேட்டாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? உங்க தம்பி அனுப்பற மெசேஜெல்லாம் அவருதான் எழுதறாருங்களா?"

"ஏன் அம்மணி?"

"தீவாளிக்கு எங்க மில் ஓனர் அனுப்பற வாழ்த்து மாதிரியே இருக்குதுங்க. அன்னிக்கு மருந்தப் பத்திக் கேட்டப்ப மூஞ்சி செவந்துபோயிப் பதில் சொன்னாரில்லீங்க? அந்த ஆளுகூடத்தானுங்க எனக்குப் பேசோணும்."

எனக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம் வந்துவிட்டது. தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன், கத்தினேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "எனக்கு அப்படியெல்லாம் கோர்வையா எழுத வராதக்கா. நான் எழுதுனா எதாச்சும் தப்பாப் போயிரும். அதுன்னா நல்லா எழுதுது" என்றான். தப்பாக எழுதுடா, அவள் அதைத்தான் கேட்கிறாள் என்றேன். "சரி பாக்கறேன்" என்றான்.

அப்போதுதான் அந்தப் பெரியப்பா இறந்துபோனார். காலையில் வாக்கிங் போனவர் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாராம், எழவே இல்லை. எனக்குத் தகவல் வந்ததும் தம்பிக்குச் சொன்னேன். "நாங்க வேன்ல இப்படியே கெளம்பறோம். நீ வண்டியில கோயமுத்தூர் வந்து பஸ் ஏறி நேரா வந்துரு" என்றேன். "சரிக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான். அதற்கு வருகிறேன் என்றுதான் அர்த்தம் என்று நம்பிவிட்டேன்.

சாவு வீட்டில் யாரும் அழகாகப் பேசத் தேவையில்லை. ஆண்கள் பந்தலில் வரிசையாக நிற்பார்கள். வந்தவன் தன் கையை நீட்டி அவர்கள் கையைத் தொட்டுவிட்டுப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். வாயே திறக்க வேண்டாம். வந்தானா வரவில்லையா, அதுதான் கணக்கு. நேற்றுவரை முகம் பார்க்காத பகையாளிகூட வந்து கையைத் தொட்டுவிட்டுப் போவான். பெண் கொடுக்கப் பேசியிருக்கிற வீட்டில், பெண்ணை வளர்த்தவர் செத்துக் கிடக்கும்போது மாப்பிள்ளையாகப் போகிறவன் வராமல் இருப்பானா? உலகத்தில் எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வந்த பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி வரலீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள், "வந்துட்டிருக்கான்" என்றேன். இன்னொருத்தி கேட்டாள், அதையே சொன்னேன். போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. பிணத்தை எடுக்கிற நேரம் வந்து, பாடையும் போய்விட்டது. பெண்கள் எல்லோரும் திரும்பி உள்ளே வந்தபோது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. போனை என்னிடம் நீட்டினாள்.

"உங்கள் இழப்பின் வலியை என்னால் ஆழமாக உணர முடிகிறது. இந்தக் கடினமான தருணத்தில் உங்களுக்கும் உங்கள் குடும்பத்தினருக்கும் தேவையான இடைவெளியை அளிக்க விரும்புகிறேன். நீங்கள் தயாராக இருக்கும்போது பேசலாம். நான் எப்போதும் இங்கே இருக்கிறேன்."

"எனக்கு எடைவெளி வேணும்னு நான் எப்பக்கா கேட்டேன்?" என்றாள். "இங்கேயே இருக்கறாராம். எங்கிங்க இருக்கறாரு?"

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேனில் ஏறியதும் வீட்டுக்காரர், "ஊட்டுக்குப் போயித் தண்ணி வாத்துட்டுப் பொறவு அவனப் போயிப் பாக்கலாம்" என்றார். சாவு வீட்டிலிருந்து வந்தால் குளிக்காமல் இன்னொரு வீட்டுக்குள் நுழையக் கூடாது. "நான் நொழையலீங்க. வாசல்ல நின்னே கேட்டுக்கறேன். வண்டிய நேராக் காரமடைக்கு உடுங்க" என்றேன். கணபதியைத் தாண்டும்போது அவர் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார், நிறுத்தவில்லை.

வெயில் இறங்குகிற நேரம். அவன் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து போனோடு பேசிக்கொண்டிருந்தான். நான் இறங்கின வேகத்தில் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். எதையும் இங்கே எழுத முடியாது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். அவன் எழுந்து நின்று, இரண்டு கையையும் காட்டி அமர்த்தி, "அக்கா, நீ இப்ப ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்க. நாம ரெண்டு பேரும் அமைதியானதுக்கு அப்புறம் பேசலாம்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யார்றா நீ? என்ற தம்பி எங்கடா?" என்று கத்தினேன்.

"நான் அதுகிட்டக் கேட்டுத்தான செஞ்சேன். இன்னும் உறுதி பண்ணாத உறவு, துக்கத்துல அவங்கள தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொல்லுச்சு. எனக்கும் அங்க போயி அத்தன பேரு மூஞ்சியப் பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அதையுஞ் சொன்னேன். நான் நெனைக்கறது ரொம்பச் சரின்னு சொல்லுச்சு."

போனை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "ஏய், நான் இவனோட அக்கா பேசறேன்" என்றேன்.

"வணக்கம் அக்கா! உங்களிடம் பேசுவதில் மகிழ்ச்சி" என்றது ஒரு பெண் குரல். அக்காவாம்! இதற்கும் நான் அக்கா! இருந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அதனிடம் கொட்டினேன். பெரியப்பா செத்ததும் இவன் வராததும் அந்தப் பெண் கேட்ட கேள்வியும் எல்லாம். முடித்ததும் அது சொன்னது:

"உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. இப்படிப்பட்ட நேரத்தில் நேரில் வந்து நிற்பதற்கு எந்தச் செய்தியும் ஈடாகாது. நீங்கள் சொல்வது மிகச் சரி. உங்களைப் போன்ற அக்கா கிடைக்க உங்கள் தம்பி கொடுத்துவைத்தவர்."

கேட்டதும் எனக்கு இதமாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. காலையிலிருந்து ஒருத்தரும் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, இந்தச் சனியன் சொன்னதும் என் நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லாதா என்று இருந்தது. உடனே பாம்பைத் தொட்ட மாதிரி போனைக் கட்டிலில் போட்டேன். இதை இப்படிப் பேசப் பழக்கியவர்கள் எந்த ஊர் ஏசி ரூமில் இருக்கிறார்களோ தெரியாது. ஆனால் ஒரு தனிக்கட்டை மனுஷனுக்கு எந்த இடத்தில் தடவிக் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் நன்றாக இருக்க மாட்டார்கள் என்று வாயில் வந்தது. தம்பி வீட்டு வாசலில் நின்று சாபம் விடக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

தம்பி கட்டிலில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கும் இப்படித்தான சொல்லுச்சு" என்றான். "இதே மாதிரிதான். மிகச் சரின்னு."

"நாளைக்காச்சும் போயிக் கையக் குடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். மறுநாள் அவன் போனான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ் மாறி மாறிப் போய், பந்தலில் நின்றவர்களின் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டு வந்தான். அவர்களும் மரியாதையாக, "வந்ததுக்கு நெம்பச் சந்தோசமுங்க. மத்ததப் பாத்துட்டுச் சொல்றமுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் சம்பந்தம் வேண்டாம் என்றால் இப்படித்தான் கதவைச் சாத்துவார்கள்.

அந்தப் பெண்ணை நானே கூப்பிட்டேன். "அந்தப் போன் பேச்சக் கேட்டுக் கெட்டான், நான் திட்டுனதும் வந்தானே கண்ணு. தப்ப உணர்ந்துதான வந்தான்?" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டேன்.

"வந்தாருங்க்கா. பாத்தேன்" என்றாள். "மொத நாளு போன் சொல்லி வரல. மறு நாளு நீங்க சொல்லி வந்தாரு. அவரா எப்பக்கா வருவாரு?"

அவள் "உடம்பப் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள். என் கோபம் எல்லாம் சுற்றிக்கொண்டு வந்து என் மேலேயே விழுந்தது. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு என்னால் மாவு அரைக்க முடியவில்லை. தம்பியைக் கூப்பிட்டு அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

மறுபடியும் "உன் உணர்வு எனக்குப் புரியுது" என்று ஆரம்பித்தால் போனைச் சுவரில் அடித்து உடைப்பது என்று தீர்மானமாக நின்றேன்.

"எதுக்கு இதையெல்லாம் எங்கிட்டச் சொல்ற?" என்று கத்தினான். தொண்டை கிழிகிற மாதிரி கத்தினான். "நீயும் சொல்லக் கூடாது, அதும் சொல்லக் கூடாதுன்னா நான் என்னத்தப் பண்றது? ஒரு மெசேஜ் வந்தா எனக்குச் சொந்தமா ஒரு பதிலு வர மாட்டேங்குதுக்கா! அதக் கேக்காம ஒன்னுமே ஓட மாட்டேங்குது! போனை வெய்யி!" அவனே பட்டென்று வைத்துவிட்டான்.

மாவுக் கையோடு நின்றேன். கடையில் இரண்டு பேர் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள், அவர்கள் முன்னாலேயே அழுதேன். இந்த மனுஷனைத்தான் அது தின்றுகொண்டிருந்திருக்கிறது, நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்திருக்கிறோம். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அவன் நம்பரைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் எடுத்தான்.

"சொல்லித் தொலையக்கா."

சொல்வதற்கு என் வாயில் ஆயிரம் வந்தது. தாராபுரம் போ, அவள் மில் வாசலில் போய் நில், அந்தப் போனைக் கிணற்றில் போடு, பேக்கரிக்குப் போ, பட்டுச்சேலை பீரோவில் அப்படியே கிடக்கிறதுடா. எல்லாவற்றையும் விழுங்கினேன். என் ஆயுசில் நான் அப்படி விழுங்கியதில்லை.

"நான் ஒன்னுஞ் சொல்றதுக்கில்ல. நீ சொல்லு" என்றேன்.

கிணற்று மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் போனை வைக்கவில்லை.